இருபது கிலோ கரம்: ரோபோக் கரங்களின் எடைக்கணக்கு உருவான வரலாறு

தொழிற்சாலையில் பொருளை எடுத்து வைக்கவும், பற்றவைக்கவும், வண்ணம் தெளிக்கவும் பயன்படுகிற, பல மூட்டுகள் கொண்ட, வேலைக்கு ஏற்றபடி நிரலை மாற்றிக்கொள்ளத்தக்க எந்திரக் கை தொழிலக ரோபோக் கரம் எனப்படுகிறது. இன்று இக்கரங்களைத் தூக்கும் எடையை வைத்து வகைப்படுத்துகிறார்கள். சில கிலோ மட்டும் தூக்குபவை சிறுகரங்கள். சில நூறு கிலோ தூக்குபவை பெருங்கரங்கள். ஏறத்தாழ 20 கிலோ முதல் 80 கிலோ வரை தூக்குபவை நடுத்தரக் கரங்கள். இந்த எல்லைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும்.

நடுத்தர வகுப்பின் கீழ்ப்படியில் நிற்கும் கரங்களைப் பாருங்கள். ஜப்பானின் ஃபனுக் நிறுவனத்து எம்-20ஐஏ கரம் 20 கிலோ தூக்கும், 1811 மி.மீ. எட்டும். ஜெர்மனியின் கூக்கா நிறுவனத்து கேஆர் 20 ஆர்1810 அதே 20 கிலோ, 1813 மி.மீ. யாஸ்காவாவின் ஜிபி25 என்பது 25 கிலோ, 1730 மி.மீ. கவாசாகியின் ஆர்எஸ்020என் 20 கிலோ, 1725 மி.மீ. ஏபிபியின் ஐஆர்பி 2600 வகையில் ஒன்று 20 கிலோ, 1650 மி.மீ. முதல் இரண்டுக்கும் எட்டும் தூரத்தில் வேறுபாடு வெறும் 2 மி.மீ. விலைப்பட்டியலோடு வரும் விவரத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் குணத்தைச் சொல்வது போன்றது.

விவரத்தாளில் உள்ள எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு தொழிற்கூடத்தில், ஏதோ ஒரு வேலைக்காகப் பிறந்தது. அந்தப் பிறப்பு தெரிந்தால், நம் வேலைக்கு எந்த எண் முக்கியம், எந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை என்பது விளங்கிவிடும். இக்கட்டுரை விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊரில் இருந்துகொண்டு அந்த வரலாற்றைப் பார்க்கிறது.

பீங்கான் ஊரில் கரத்துக்கு என்ன வேலை?

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் அடுத்தபடியாகப் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்குத் துணை நின்றது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. பொம்மைகள், கோப்பைகள், மின்சாதனப் பீங்கான் பொருள்கள் என்று சிறு கூடங்கள் பலவற்றில் வேலை நடக்கிறது. ஒரு காலத்தில் எல்லா வீட்டு மின்பலகையிலும் இருந்த கிட்காட் ஃபியூஸின் வெள்ளைப் பீங்கான் இந்தத் தொழிலின் அன்றாடச் சோறு. வீடுகளில் எம்சிபி என்ற சுவிட்சு வந்தபின் அந்தச் சோறு சுருங்கியது.

பீங்கான் பொருள் உருவாகும் வழி எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவர்போல் களிமண் படியும். வெளியே எடுத்து, ஓரம் சீவி, உலர்த்தி, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைத் தெளித்துச் சூளையில் அடுக்குவார்கள். வாஷ் பேசின் போன்ற பெரிய பொருள்களில் இரண்டு இடங்கள் மனித உடலைச் சோதிப்பவை. ஒன்று, ஈரமும் கனமும் உள்ள பொருளை அச்சிலிருந்து எடுப்பதும் சூளை வண்டியில் ஏற்றுவதும். அது முதுகை வாங்கும். மற்றது கிளேஸ் தெளிப்பு. அது நுரையீரலை வாங்கும். கிளேஸில் குவார்ட்ஸ் எனப்படும் சிலிக்காத் தூள் கலந்திருக்கிறது. மூடுபனிபோல் பறக்கும் அந்தத் துகளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும். இந்நோய்க்கு முறிவு மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது.

பொம்மை செய்யும் சிறு கூடத்துக்கு ரோபோ தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இன்று பிள்ளையார், நாளை தசாவதாரம், நாளை மறுநாள் மயில் என்று உருவம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், நிரல் எழுதும் நேரத்துக்குள் கைத்தொழிலாளி பத்து பொம்மைக்கு வண்ணம் தீட்டி முடித்திருப்பார். ஒரே உருவம் ஆயிரக்கணக்கில் வரும் கழிவறைச் சாதனக் கூடங்களில்தான் கரத்தைப் பற்றிய கேள்வி உண்மையில் எழுகிறது.

எடை முதலில் வந்தது

ரோபோ என்ற சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. நம் ஊர் வழக்கில் வெட்டி வேலை என்று சொல்லலாம். நாடகத்தில் வந்த ரோபோ மனித உருவம் உடையது. தொழிற்சாலைக்கு வந்த ரோபோவுக்கு ஒரு கை மட்டுமே இருந்தது.

அமெரிக்கரான ஜார்ஜ் டெவோல் 1954இல் நிரல்வழிப் பொருள் இடமாற்றும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1961இல் கிடைத்தது. 1956இல் ஒரு விருந்தில் அவர் சந்தித்த ஜோசப் எங்கல்பெர்கர் இதைத் தொழிலாக்கினார். அவர்களது யூனிமேட் கரம் 1961இல் நியூஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் செலுத்தி வார்த்த பாகங்களைச் சூட்டோடு எடுப்பது அதன் வேலை. எண்ணெய் அழுத்தத்தால், அதாவது ஹைட்ராலிக் முறையில், இயங்கிய அந்தக் கரம் ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது.

அங்கே எடையும் சூடும்தான் பிரச்சினை. மனிதன் பிடிக்க முடியாததைப் பிடிக்க வேண்டும்; நுணுக்கம் இரண்டாம் பட்சம். ஆகவே ‘எவ்வளவு தூக்கும்?’ என்பது ரோபோவைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வியாக நிலைத்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் விவரத்தாளின் முதல் வரியில் அதே கேள்விக்கான விடைதான் அச்சாகிறது. தொழிற்கூடங்களில் இதைப் பேலோடு என்பார்கள். இக்கட்டுரையில் சுமைத்திறன் என்று எழுதுகிறேன்.

அன்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு கரம் ஏது? விற்பவரும் ஒருவர், வாங்குபவர்களும் சிலரே. எங்கல்பெர்கரின் நிறுவனம் லாபம் கண்டது 1975இல்தான். 1966இல் யூனிமேட்டை அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கொண்டுபோய், கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளவும் இசைக்குழுவுக்குக் கோல் அசைக்கவும் வைத்துக் காட்டினார்கள். வேடிக்கை பார்த்தவர் பலர். ஆனால் ஆர்வம் ஜப்பானில்தான் அதிகம் இருந்தது. 1968இல் கவாசாகி உரிமம் பெற்று, 1969இல் அங்கேயே யூனிமேட்டைத் தயாரிக்கத் தொடங்கியது.

பீங்கான் ஆலைக்குப் போன கரம்

ரோபோ வரலாறு என்றாலே கார் ஆலைதான் என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. பீங்கான் தொழிலில் இருப்போர் அறிய வேண்டிய இன்னொரு கிளை அதே ஆண்டுகளில் நார்வேயில் முளைத்தது.

நார்வேயின் தென்மேற்கில் ப்ரைனே என்ற சிற்றூரில் டிரால்ஃபா என்ற நிறுவனம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளைச் செய்து வந்தது. நம் ஊரில் கட்டடவேலைக்கு மண் தள்ளும் அதே வண்டி. அவற்றுக்கு வண்ணம் தெளிக்க ஆள் கிடைக்கவில்லை. நாள் முழுதும் வண்ணப் புகையில் நிற்க யார் வருவார்? நிறுவனத்தின் பொறியாளர் ஓலே மோலாக் தெளிப்புத் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும் எந்திரக் கையை உருவாக்கினார். 1967 வாக்கில் அது அவர்களது சொந்த ஆலையில் ஓடியது. 1969இல் வெளியே விற்பனைக்கு வந்தது. அதை வாங்கிய முதல் வாடிக்கையாளர் ஸ்வீடனின் குஸ்தாவ்ஸ்பெர்க். பீங்கானுக்குப் புகழ்பெற்ற அந்த ஆலை, குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூச அந்தக் கரத்தை வாங்கியது. எனாமல் கிளேஸின் உடன்பிறப்பு: கிளேஸ் களிமண்மேல் உருகும் கண்ணாடி, எனாமல் உலோகத்தின்மேல் உருகும் கண்ணாடி.

இந்தக் கரத்தை யாரும் எடை தூக்கச் சொல்லவில்லை. தெளிப்புத் துப்பாக்கியும் அதன் குழாயும் சேர்ந்து ஒருவர் ஒரு கையால் பிடிக்கும் எடைதான். அதற்குத் தேவைப்பட்டது அசைவு. நல்ல தெளிப்பாளர் துப்பாக்கியை மேற்பரப்புக்கு ஒரே தூரத்தில் வைத்து, வளைவில் மணிக்கட்டைத் திருப்பி, ஓரத்தில் விசையை விட்டு, உட்குழிவில் வேகத்தைக் கூட்டுவார். இதையெல்லாம் எண்களாக எழுதித் தருவது அன்று இயலாத காரியம். டிரால்ஃபா அதற்குக் கண்ட வழி எளிது. அனுபவமுள்ள தெளிப்பாளரே கரத்தின் நுனியைப் பிடித்து ஒரு பொருளுக்கு முழுவதும் தெளித்துக் காட்டுவார். அவர் கை போன பாதையெல்லாம் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு கரம் அதையே திரும்பத் திரும்பச் செய்யும்.

யூனிமேட் கரம் முதுகுக்கு மாற்று. டிரால்ஃபா கரம் கைப்பழக்கத்துக்கு மாற்று. இரண்டையும் ஒரே ரோபோ என்ற சொல்லால் அழைப்பதுதான் தேர்வில் வரும் குழப்பங்கள் பலவற்றுக்கு வேர். கழிவறைச் சாதனக் கூடத்துக்குக் கரம் வாங்கப் போகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான்: கரம் பொருளைப் பிடிக்கப் போகிறதா, துப்பாக்கியைப் பிடிக்கப் போகிறதா? துப்பாக்கி என்றால் 20 கிலோவா 25 கிலோவா என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. கற்பிக்கும் முறையும் தெளிப்பின் ஒழுங்கும்தான் கேள்வி. இத்தாலியின் சாக்மி குழுமத்தைச் சேர்ந்த கயோட்டோ நிறுவனம் கழிவறைச் சாதனங்களுக்கென்றே கிளேஸ் தெளிப்புக் கரங்களைச் செய்கிறது. அங்கேயும் கையைப் பிடித்துக் கற்பிக்கும் முறை இன்றுவரை தொடர்கிறது.

இதில் சங்கடமான ஒரு பக்கமும் உண்டு. இருபது ஆண்டுகளாகக் கிளேஸ் தெளித்தவரின் கையசைவு ஒரு முற்பகலில் பதிவாகிவிடுகிறது. அதன்பின் அவர் நுரையீரல் தப்பித்துவிடும், உண்மைதான். ஆனால் அவர் சம்பளம்? புதிய அச்சு வரும்போதெல்லாம் மீண்டும் கற்பிக்க அவர் தேவைப்படுவார் என்பதை உணர்ந்த முதலாளி, அவரைக் கரத்தின் ஆசிரியராக வைத்துக்கொள்வார். உணராதவர் அனுப்பிவிட்டு, அடுத்த அச்சு வரும்போது திண்டாடுவார்.

எண்ணே பெயராகிய காலம்

1970களில் மின்மோட்டாரும் நுண்செயலியும் வந்தன. கூக்கா நிறுவனம் 1973இல் ஃபாமுலஸ் என்ற கரத்தைக் காட்டியது. அதன் ஆறு அச்சுகளும் மின்மோட்டாரால் இயங்கின. அமெரிக்காவின் சின்சினாட்டி மிலாக்ரான் 1974இல் கணினிக் கட்டுப்பாட்டுடன் டி3 என்ற கனமான கரத்தை விற்றது.

இக்காலத்தில் நம் போன்ற ஊர்களுக்கு நெருக்கமானது ஸ்வீடனின் ஆசியா நிறுவனத்து ஐஆர்பி 6. (இந்த ஆசியாவுக்கும் கண்டத்துக்கும் தொடர்பில்லை, அது நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள்.) முழுவதும் மின்சாரத்தால் இயங்கி, நுண்செயலியால் கட்டுப்படுத்தப்பட்ட முதல் கரங்களில் ஒன்று அது. இன்டெல் நிறுவனத்தின் 8008 என்ற எட்டு பிட் சில்லு அதன் மூளை. பெயரிலுள்ள 6 என்பது அது தூக்கும் கிலோ. 1974இல் அதை முதலில் வாங்கியது பெரிய கார் ஆலை அல்ல. தெற்கு ஸ்வீடனில் ஜெனார்ப் என்ற ஊரில் துருப்பிடிக்கா எஃகுக் குழாய்களின் வளைவுகளை மெருகேற்றி வந்த மக்னுசன் என்ற சிறு குடும்ப நிறுவனம். மெருகேற்றுவதும் தூசி பறக்கும், உடம்பை அரிக்கும் வேலைதான். சிறு நிறுவனத்துக்கு ரோபோ எட்டாக்கனி என்று சொல்பவர்கள் இந்த ஜெனார்ப் கதையைப் படிக்க வேண்டும்.

அதன்பின் ஐஆர்பி 60 வந்தது; 60 கிலோ. ஜப்பானில் யாஸ்காவா 1977இல் மோட்டோமேன் எல்10 கரத்தை விட்டது, 10 கிலோ. அமெரிக்காவில் யூனிமேஷன், விக்டர் ஷைன்மனின் வடிவமைப்பை அடியொற்றி 1978இல் பூமா கரத்தைக் கொண்டுவந்தது. காரின் உதிரி பாகங்களில் பெரும்பாலானவை கையடக்கமானவை, அவற்றைக் கோக்கச் சிறிய கரம் போதும் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் எண்ணம். இப்படித்தான் ஒரே கரம் எல்லாம் செய்யும் என்ற நினைப்புப் போய், எடைக்கு ஒரு கரம் என்ற வரிசை உருவானது. அரிசிக்கடையில் 5 கிலோ, 10 கிலோ, 25 கிலோ பைகள் நிற்பதைப் போல.

பைக்கும் கரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 25 கிலோ பையில் உள்ள அரிசி எந்த மூலையில் இருந்தாலும் 25 கிலோதான். கரத்தில் அப்படியல்ல.

இருபது கிலோவை எங்கே பிடிப்பது?

ஒரு குடம் தண்ணீரை உடம்போடு அணைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தெரு நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நேராக நீட்டிப் பிடித்துப் பத்து எண்ணிப் பாருங்கள். எடை மாறவில்லை, தோளிலிருந்து அதன் தூரம் மாறியது. ஒன்பதாம் வகுப்பில் திருப்புத்திறன் பாடத்துக்கு நான் வைத்த எடுத்துக்காட்டு இதுதான். ரோபோ தேர்வில் இதுவே தலையாய பாடம்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு வாஷ் பேசின் 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிடிக்கும் கிரிப்பர் 6 கிலோ. மொத்தம் 20 கிலோ. ‘20 கிலோ கரம் போதும்’ என்று தோன்றும். சுமைத்திறனில் கிரிப்பரின் எடையும் சேரும் என்பதைப் பலர் இந்த இடத்திலேயே மறந்துவிடுகிறார்கள். அதைச் சேர்த்தாலும் கணக்கு முடியவில்லை. பேசின் அகலமான பொருள். அதன் எடைமையம் கரத்தின் நுனித்தட்டிலிருந்து தள்ளி நிற்கும். மணிக்கட்டு மூட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி என்று கொண்டால், 20 கிலோவின் விசை 196 நியூட்டன், அதை 0.30 மீட்டரால் பெருக்க 58.8 நியூட்டன் மீட்டர். இந்த வகுப்புக் கரங்களின் மணிக்கட்டு தாங்கும் திருப்புத்திறன் பொதுவாக 50 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கிறது. ஆக 20 கிலோ கரம் இந்த 20 கிலோவைத் தாங்காது. கிரிப்பரை மாற்றி வடிவமைத்து எடைமையத்தை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 29.4 நியூட்டன் மீட்டர்தான். அதே கரம் இலகுவாகத் தாங்கும்.

வேகமாகத் திருப்பும்போது இன்னொன்றும் சேர்கிறது. சுழலும் பொருளின் நிலைமம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். தூரம் இரட்டித்தால் நிலைமம் நான்கு மடங்கு. தாங்கினாலும் கரம் மெதுவாகத்தான் திரும்பும், அல்லது நிற்கும்போது நுனி ஆடும். சூளைக்குப் போகுமுன் உள்ள பச்சைப் பேசினுக்கு அந்த ஆட்டமே விரிசலுக்குப் போதும்.

ஒரே எடை வகுப்புக் கரங்கள் உண்மையில் வேறுபடும் இடம் இந்த மணிக்கட்டு எண்கள்தான். விவரத்தாளின் முதல் பக்கத்தில் இவை பெரும்பாலும் பெரிதாக அச்சாவதில்லை. உள்ளே, தூரம் கூடக்கூடத் தாங்கும் எடை குறைவதைக் காட்டும் வளைகோட்டுப் படம் ஒன்று இருக்கும். சுமை வரைபடம் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு நிறுவனங்களின் சுமை வரைபடங்களையும் அருகருகே வைத்து, நம் பேசினுக்கும் கிரிப்பருக்கும் உரிய புள்ளியைப் பென்சிலால் குறித்தால், புள்ளி கோட்டுக்கு உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்பது தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு மாணவரால் முடிகிற வேலை இது.

எட்டும் தூரத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பல விவரத்தாள்களில் அந்த எண் மணிக்கட்டின் மையம் வரை அளந்தது. கிரிப்பரின் நீளம் அதற்கு மேல். கரம் தன் காலடிக்கு மிக அருகே எட்டாது என்பதும் உண்டு. எனவே 1811க்கும் 1813க்கும் இடையிலுள்ள 2 மி.மீ. பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. சூளை வண்டியின் தொலைவு மூலையையும் மேல் அடுக்கையும் வரைந்து பார்ப்பதுதான் முக்கியம்.

மயங்கக் கூடாத எண்

விவரத்தாளில் கவர்ச்சியான எண் மீள்துல்லியம். ஒரே இடத்துக்குக் கரம் திரும்பத் திரும்ப வரும்போது எவ்வளவு விலகுகிறது என்பதே அது. 1980களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து சொன்னது. 1990இல் ஐஎஸ்ஓ 9283 என்ற அனைத்துலகத் தரம் வந்தது, 1998இல் திருத்தப்பட்டது. வேலைப்பரப்புக்குள் ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்து, அதன் மூலைவிட்டத் தளத்தில் ஐந்து இடங்களைக் குறித்து, ஒவ்வோர் இடத்துக்கும் கரத்தை 30 முறை அனுப்பி அளக்கச் சொல்கிறது அது. ஆகையால் இரண்டு தாள்களை ஒப்பிடும்போது இரண்டும் இந்தத் தரத்தின்படி அளந்தவையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மீள்துல்லியம் வேறு, துல்லியம் வேறு. கடிகாரம் நாள்தோறும் சரியாக ஐந்து நிமிடம் பிந்தினால் அதற்கு மீள்துல்லியம் உண்டு, துல்லியம் இல்லை. கையால் இடத்தைக் காட்டிக் கற்பித்தால் மீள்துல்லியம் போதும். கணினி வரைபடத்திலிருந்து இடத்தைக் கணக்கிட்டு அனுப்பினால் துல்லியமும் வேண்டும்.

இந்த வகுப்புக் கரங்கள் 0.02, 0.04 மி.மீ. என்றெல்லாம் காட்டுகின்றன. பற்சக்கரம் கோக்கும் ஆலைக்கு அது பொருளுடையது. களிமண்ணுக்கு? கழிவறைச் சாதனப் பீங்கான் உலர்ந்து சுடப்படும்போது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்குகிறது. 60 செ.மீ. பேசின் 6, 7 செ.மீ. சுருங்கும். அந்தச் சுருக்கம் ஒவ்வொரு பேசினிலும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. மில்லிமீட்டர் கணக்கில் மாறும். மில்லிமீட்டர் கணக்கில் மாறும் பொருளைத் தலைமயிரின் பாதிப் பருமனளவு துல்லியத்தோடு பிடித்து என்ன பயன்? பீங்கான் கூடத்துக்கு இந்த எண்ணுக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் துணிபு. அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கும் தன்மையுள்ள, மெத்தென்ற கிரிப்பருக்குச் செலவிடலாம்.

தூசியும் மொழியும்

கார் ஆலையில் பிறந்த கரம் பீங்கான் தூசியை அறியாது. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சாதாரண எஃகைக் கீறக்கூடியது. மூட்டின் சீல் வழியே அது உள்ளே போனால் கியர்பெட்டியை உப்புத்தாள்போல் தேய்க்கும். கரத்தின் மணிக்கட்டுக்கு மட்டும் ஐபி67 காப்பா, உடல் முழுவதுமா என்று கேட்க வேண்டும். மேலே உறை போட்டால் அந்த உறையின் எடையும் சுமைக்கணக்கில் சேரும்.

இன்னொரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கரத்துக்குத் தனி மொழி வைத்திருக்கிறது. ஏபிபிக்கு ரேபிட், கூக்காவுக்கு கேஆர்எல், யாஸ்காவாவுக்கு இன்ஃபார்ம், கவாசாகிக்கு ஏஎஸ். ஃபனுக்கின் மொழிகளில் ஒன்றுக்குக் காரெல் என்று பெயர்; மேலே சொன்ன நாடக ஆசிரியரின் நினைவாக. இந்தப் பிரிவினைக்கும் வரலாறு உண்டு. 1982இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபனுக்கும் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கின. பெரிய வாடிக்கையாளர் ஒருவரோடு ஒரு மொழியும் உதிரி பாகங்களும் பயிற்சியும் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. முதல் கரம் எந்த நிறுவனத்தினுடையதோ, இரண்டாவது கரமும் பெரும்பாலும் அதே நிறுவனத்தினுடையதாக அமைவது இதனால்தான். முதல் தேர்வு ஒரு கரத்துக்கானது அல்ல, ஒரு குடும்பத்துக்கானது.

அனைத்துலக ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி இந்தியாவில் 2023இல் நிறுவப்பட்ட தொழிலக ரோபோக்கள் 8,510. அதுவரை இல்லாத உயர்வு. அவற்றில் கார்த்தொழிலின் பங்கே பெரிது. தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் போன்ற இடங்களில் கார் ஆலைகள் இருப்பதால், பழுதுபார்க்கும் பொறியாளர்களும் அந்தப் பக்கமே குவிந்திருப்பார்கள். விருத்தாசலத்திலிருந்து அங்கே போக இருநூறு கிலோமீட்டர் ஆகும். சூளை எரிந்துகொண்டிருக்கும்போது கரம் நின்றுவிட்டால், ஆள் எப்போது வருவார் என்பது 0.02 மி.மீ.யைவிட முக்கியமான எண். விற்பவரிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். டாடா குழுமத்தின் டால் நிறுவனம் 2017இல் பிராபோ என்ற உள்நாட்டுக் கரத்தைச் சிறு தொழில்களை மனத்தில் வைத்து அறிமுகம் செய்தது. அது 2 கிலோ, 10 கிலோ என்ற அளவுகளில் வந்ததால் பேசின் தூக்கும் வேலைக்கு எட்டாது.

கையைப் பிடித்துக் கற்பித்தல், மீண்டும்

டிரால்ஃபாவின் ரோபோத் தொழில் 1980களில் ஆசியா நிறுவனத்தின் கைக்குப் போய், 1988இல் உருவான ஏபிபியின் பகுதியாயிற்று. அந்நிறுவனத்தின் வண்ணத்தெளிப்பு ரோபோ மையம் அதே ப்ரைனே ஊரில் தொடர்ந்தது. கையைப் பிடித்துக் கற்பிக்கும் பழைய வழியோ வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. டென்மார்க்கின் யூனிவர்சல் ரோபோட்ஸ் 2008இல் விற்கத் தொடங்கிய, மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு கரம் 5 கிலோ மட்டும் தூக்கியது. 2022இல் அதே நிறுவனம் அறிவித்த யூஆர்20, 20 கிலோவும் 1750 மி.மீ.யும் காட்டி நடுத்தர வகுப்பின் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் உடல் எடை 64 கிலோதான். எம்-20ஐஏ போன்ற வழக்கமான கரமோ கால் டன். எடைக்கும் எட்டும் தூரத்துக்கும் மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். வேகத்தில் அல்ல, கனத்த கரம் ஒரு பேசினை வைத்துவிட்டு வரும் நேரத்தில் இது பாதி வழியில் இருக்கலாம். ஆனால் இதைப் பெயர்த்து வேறு இடத்தில் பூட்ட இரண்டு மூன்று பேர் போதும். கற்பிக்கத் தனி மொழி படித்தவர் வேண்டியதில்லை.

இவ்வகைக் கரத்துக்கு வேலி வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. மனிதர் மேல் பட்டால் கரம் நின்றுவிடும் என்பது உண்மை. அதன் கையிலுள்ள 14 கிலோ பேசின் நிற்காது; நழுவினால் காலில்தான் விழும், உடைந்தால் விளிம்பு கத்தி. ரோபோப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரம் கரத்தை மட்டும் பார்ப்பதில்லை. கரம், கிரிப்பர், பிடித்திருக்கும் பொருள், சுற்றி நிற்கும் ஆள் எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்தை மதிப்பிடச் சொல்கிறது. அந்த மதிப்பீட்டைச் செய்து பார்த்தபின் வேலி வேண்டும் என்று முடிவானால், வேலிக்கு ஆகும் இடத்தையும் செலவையும் யூஆர்20இன் கணக்கிலும் எழுத வேண்டும்.